அனுமதி கேட்டுத் தங்கிய தீவுகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்தில், ஓதம் வற்றிய கடற்கரையில் ஒருவர் நின்றால் எதற்காக நிற்கிறார் என்பது சட்டப்படி முக்கியம். மீன் பிடிக்க நின்றால் தடையில்லை. பறவை வேட்டைக்கு வந்திருந்தாலும், படகை விட்டு இறங்கியிருந்தாலும் தடையில்லை. காலாற நடக்கவோ துண்டு விரித்து உட்காரவோ வந்திருந்தால், நிலத்துக்காரர் எழுந்து போகச் சொல்லலாம். 1640-களில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆட்சியாளர்கள், கரையில் இருப்பவர்கள் தங்கள் செலவில் துறை கட்டிக்கொள்ளட்டும் என்று, ஓதம் வற்றும் கோடு வரைக்கும் நிலத்தை அவர்களுக்கே கொடுத்தார்கள். ஏறக்குறைய 500 மீட்டர் என்பது அதற்கு எல்லை. பொதுமக்களுக்கு மூன்றே உரிமைகள் மிஞ்சின: மீன்பிடித்தல், பறவை வேட்டை, படகோட்டம். 1820 வரை மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்த மேய்ன், பிரிந்து தனி மாநிலமான பிறகும் அந்தப் பழைய ஆணையைக் கைவிடவில்லை. 1989-இல் மூடி கடற்கரை வழக்கில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், பொழுதுபோக்கு அந்த மூன்றில் சேராது என்று தீர்ப்புச் சொன்னது. முக்குளிப்பவர்கள் அந்த நிலத்தைக் கடந்து கடலில் இறங்கலாம் என்று 2011-இல் ஒரு தீர்ப்பு வந்தது. பாறையில் வளரும் கடற்பாசி நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று 2019-இல் இன்னொன்று.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நான் தூத்துக்குடிக்காரன். கடற்கரைக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார் என்பதே என் மண்டையில் ஏறவில்லை. எங்கள் ஊரில் கரை புறம்போக்கு. வலை காயும், கருவாடு காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளின் கதை வேறு. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் அங்கே இறங்கத் தடை. அந்தக் காலத்தில் வான்தீவில் இராத்தங்கி மீன் காயப்போட்ட கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன என்பதால் அந்தத் தடையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் கண்ணெதிரே தெரிந்தும் போகமுடியாத தீவு ஒரு சிறுவனின் மனத்தில் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது எனக்குத் தெரியும்.

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்து, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டபோது, அந்த ஆசைதான் என்னை வடக்கே மேய்னுக்குக் கூட்டிப்போனது. அங்கே மூவாயிரத்துக்கு மேல் தீவுகள். டீர் ஐல் தீவின் தென்முனையில் இருக்கும் ஸ்டோனிங்டன் ஊரில் நின்று பார்த்தால், இளஞ்சிவப்புக் கருங்கல் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். தலையில் ஸ்ப்ரூஸ் மரங்கள், இடுப்பில் வெறும் பாறை. எதில் இறங்கலாம், எதில் கூடாது? கடல் வரைபடத்தில் ஆழம் இருக்கிறது, பாறை இருக்கிறது, ஓதத்தில் மூழ்கி எழும் நிலம் பச்சை நிறத்தில் இருக்கிறது. சொந்தக்காரர் யார் என்பது மட்டும் இல்லை.

அரசுத் தீவுகளிலிருந்து தொடங்கினேன். அவை அரசுக்கு வந்த வழியே சுவையானது. 1973-இல் மேய்ன் ஒரு பதிவேடு திறந்தது. நான்கு வீடுகளுக்குக் குறைவாக உள்ள கடல் தீவுகளின் உரிமையாளர்கள் தங்கள் உரிமையைப் பதிந்தாக வேண்டும். யாரும் உரிமை கோராதவை அரசுக்குச் சேரும். அப்படிச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை மரமில்லாத பாறைத் திட்டுகள், கடற்பறவைகளுக்கே ஏற்றவை. மனிதர் தங்கத்தக்கவை கொஞ்சம்தான். 1980-களின் பிற்பகுதியில் அவற்றைப் போய்ப் பார்த்த டேவ் கெட்செல் என்ற படகுக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது: மலைப்பாதைபோல இந்தத் தீவுகளை வரிசையாக இணைத்து ஒரு கடல்பாதை ஆக்கினால் என்ன? பயன்படுத்துகிறவர்களே அதைப் பராமரிக்கவும் வேண்டும். 1988-இல் மேய்ன் தீவுப் பாதைச் சங்கம் பிறந்தது. இன்று அந்தப் பாதை 375 மைல் நீளம். 200-க்கு மேற்பட்ட இடங்கள் அதில் உண்டு, கணிசமானவை தனியாருடையவை. பணமும் இல்லை, பத்திரமும் இல்லை. உரிமையாளர் கைகுலுக்கிச் சம்மதிப்பார், வேண்டாமென்று தோன்றினால் நிறுத்திக்கொள்வார். அந்தத் தனியார் தீவுகளின் விவரம் சங்க உறுப்பினர்களின் கையேட்டில் மட்டும் இருக்கும்.

உறுப்பினராக நானும் சேர்ந்தேன். ஆனால் தனியார் தீவுகளின் பக்கங்களைப் புரட்டிவிட்டு அரசுத் தீவுகளுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தேன். ஸ்டோனிங்டனுக்கு எதிரே இருக்கும் ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர் என்ற குட்டித் தீவில் கூடாரம் போட மரமேடைகள் உண்டு. காஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஜுவல் தீவில், இரண்டாம் உலகப் போரில் எதிரிக் கப்பல்களைக் கண்காணிக்கக் கட்டிய கான்கிரீட் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன, ஏறிப் பார்க்கலாம். இரண்டும் அரசுக்குச் சொந்தம், கட்டணம் இல்லை, பெரும்பாலும் இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கக்கூடாது. ஆகஸ்டு வந்தால் மேடைகள் நிறைந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் துடுப்புப் போட்டுப் போய், இடமில்லை என்று வெளிச்சம் போவதற்குள் திரும்பி வந்ததும் உண்டு. அப்போதும் பக்கத்துத் தனியார் தீவைத் தேடிப் போகமாட்டேன்.

ஏன் என்று இங்கே உண்மையைச் சொல்லவேண்டும். கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. விசா நீட்டிப்பு, வாடகை வீடு, வேலை, குடியுரிமை என்று இந்த நாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசலில் நின்று கேட்டே வந்தவன் நான். கடலிலாவது யாரையும் கேட்காமல் இருக்கவேண்டும் என்பது ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. அதற்கும் அடியில் பயம் இருந்தது. மேய்ன் மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர். என் நிறமும் என் உச்சரிப்பும், மரங்களுக்கு நடுவே திடீரென்று முளைத்தால் யாராவது போலீசைக் கூப்பிடுவார்களோ என்று நினைப்பேன். கையேட்டில் பெயர் இருக்கிறது, உரிமையாளர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார் என்றாலும் அந்தச் சம்மதம் என்னையும் சேர்த்தா என்று எனக்குள் ஒரு கேள்வி. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. அரசுத் தீவுதான் அமைதியாக இருக்கும் என்று வேறு காரணம் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள். "இல்லன்னா இல்லன்னு சொல்லப்போறாங்க. அதுக்கு மேல என்னங்க நடந்திடும்? கேட்டுத்தான் பாருங்களேன்."

கையேட்டிலும் இல்லாத ஒரு தீவின்மேல் எனக்குக் கண் இருந்தது. மேற்கே பார்த்த சின்ன மணல் வளைவு, அதற்கு மேலே புல்வெளி. அதன் சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டதே பெரிய பாடம். மேய்னில் ஒவ்வொரு ஊரின் அலுவலகத்திலும் வரி வரைபடம் இருக்கும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணை வரிப் பட்டியலில் பார்த்தால் வரி கட்டுகிறவர் பெயரும் தபால் முகவரியும் கிடைக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். அங்கே இருந்த அம்மையார் நான் கேட்ட தீவை விரலால் தொட்டுக் காட்டி, முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "கடிதமே எழுதுங்கள். அவர் போனை எடுக்கமாட்டார்" என்றார். என்னை ஏற இறங்கப் பார்ப்பார் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

கடிதத்தில் பெயர், ஊர், எத்தனை பேர், எந்த இரவுகள், என்ன படகு, நெருப்பு மூட்டமாட்டோம், கழிவையும் சேர்த்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போவோம் என்று எழுதினேன். தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்தேன். பதில் வந்தது: சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. புறப்படும் முன் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

எண்பதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. கடலைப் பார்த்த சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். என் ஊர் எது, இந்த நாட்டுக்கு எப்போது வந்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. நெருப்பைப் பற்றித்தான் கேட்டார்.

"சமையல் எதில்?"

"கேஸ் ஸ்டவ்."

"குளிர்ந்தால்?"

"ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம்."

அவர் பயம் அனைத்தும் அதில்தான் இருந்தது. அந்தத் தீவுகளில் பாறைமேல் இருப்பது மண்ணே அல்ல. ஊசியிலை உதிர்ந்து மட்கிய ஒரு மெத்தை. அதன்மேல் நெருப்பு மூட்டி, நீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று போனால், அடியில் கங்கு நாள்கணக்கில் ஊர்ந்துபோய் வேறோரிடத்தில் மரத்தைப் பிடிக்கும். யாரோ இளைஞர்கள் இறங்கிப் போனபிறகு அப்படி ஒருமுறை புகைந்ததையும், இறால் படகுக்காரர்கள் தண்ணீர்ப் பம்பு ஏற்றிவந்து அணைத்ததையும் அவர் சொன்னார். லாப்ஸ்டர் என்ற பெரிய கடல் இறால்தான் அந்த ஊரின் பிழைப்பு. அந்த ஒருநாள் அவர்களுக்கு வருமானம் போனதுதான் அவருக்கு இன்னும் வருத்தம். மேய்னில் முகாமிடங்களுக்கு வெளியே நெருப்பு மூட்ட நில உரிமையாளரின் சம்மதமும் வனத்துறையின் அனுமதிச் சீட்டும் வேண்டும். ஓதம் ஏறும் கோட்டுக்குக் கீழே, கூழாங்கல்மேல் மூட்டினால் அடுத்த ஓதம் சுத்தமாக அணைத்துவிடும். நான் அதுகூடச் செய்வதில்லை.

யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று தயங்கிக் கேட்டேன். பணம் வாங்காமல் பிறரை நிலத்தில் அனுமதிக்கும் உரிமையாளரை மேய்ன் சட்டம் பாதுகாக்கிறது என்றார். வேண்டுமென்றே ஆபத்து வைத்திருந்தால் தவிர, விழுந்தவர் அவர்மேல் பொறுப்புச் சுமத்த முடியாது. இந்த ஒரு சட்டம் இல்லாவிட்டால் அங்கே எத்தனையோ வாசல்கள் அடைத்துக் கிடந்திருக்கும் என்பது என் எண்ணம். அந்த மாநிலத்தின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. இருந்தும், தடைப் பலகை மாட்டாத காட்டில் பிறர் நடக்கலாம் என்பது அங்கே தலைமுறை தலைமுறையான வழக்கம். சிலர் மரத்தில் ஊதா வண்ணக் கோடு போட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு உள்ளே வா என்று அதற்குச் சட்டப்படி அர்த்தம்.

அந்த மூதாட்டி ஒரு பென்சிலால் தீவை வரைந்து காட்டினார். வடக்கு மூலையில் போகாதீர்கள், அங்கே கழுகுக் கூடு. தெற்குச் சரிவில் நடக்காதீர்கள், ஸ்டார்ம் பெட்ரல் என்ற சிறு கடற்பறவை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். மேலே மிதித்தால் வளை சரிந்துவிடும். கிழக்குக் கரையில் வெள்ளையாகச் சிப்பிக் குவியல் தெரியும், அதைத் தோண்டாதீர்கள். அது வாபனாக்கி மக்கள் பல நூற்றாண்டுகள் வந்து தங்கி, சிப்பி தின்று விட்டுப்போன இடம். ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் அந்தக் கரை முழுக்க அவர்கள் இடம். பெனாப்ஸ்காட், பசமகுவாடி போன்ற அவர்களுடைய பழங்குடிகள் இன்றும் மேய்னில் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு கடல் அந்தக் குவியல்களைக் கரைத்துக்கொண்டு போகிறது. "என் தாத்தா இதை வாங்கினார். எனக்கு முன்னால் யாருடையது என்று அது சொல்கிறது," என்றார் அவர். யாருடைய நிலம், யார் யாரிடம் அனுமதி கேட்பது என்று நான் சுமந்து திரிந்த கோபத்துக்கு, அந்தத் தீவின் சொந்தக்காரரே என்னைவிட நேர்மையான பதில் வைத்திருந்தார்.

தங்கிய இரவைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை, நல்ல இரவு. தெரிந்திருக்கவேண்டிய செய்திகள்தான் முக்கியம். தூத்துக்குடியில் ஓதம் இடுப்பளவுகூட ஏறாது. ஸ்டோனிங்டனில் மூன்று மீட்டர் ஏறி இறங்கும், கனடா எல்லையில் இருக்கும் ஈஸ்ட்போர்ட்டில் ஆறு மீட்டர் வரைக்கும். மாலையில் மணலில் இழுத்துவிட்ட படகு நள்ளிரவில் மிதந்து போய்விடும். புல்வரை தூக்கிப்போய் மரத்தில் கட்டவேண்டும். தீவில் குடிநீர் கிடையாது. கடல்நீர் கோடையிலும் கைவிறைக்கும் குளிர்ச்சி, கவிழ்ந்தால் சில நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காது. ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்துத் தீவும் தெரியாது. ஒருநாள் வேலைக்குப் போகமுடியாமல் போனாலும் அங்கேயே இருந்துவிடுவதுதான் நல்லது. பாறையிடுக்கில் கழிவைப் புதைக்க முடியாது என்பதால் அதற்கான பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவரவேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பலர். இந்த ஒரு காரணத்துக்காகவே பல உரிமையாளர்கள் தீவை மூடியிருக்கிறார்கள் என்பதால் நான் கூசாமல் சொல்கிறேன்.

தீவைவிடக் கரையில் கிடைக்கும் இடம்தான் உண்மையில் அரிது. படகு இறக்கும் சரிவு இறால்காரர்களின் பிழைப்புக்கானது. அதிகாலையில் அவர்கள் லாரி பின்வாங்கும் நேரத்தில் நம் படகையும் பைகளையும் அங்கே பரப்பிவைத்தால், அடுத்த ஆண்டு அந்தச் சரிவில் வெளியூர்க்காரர்களுக்குத் தடை என்று பலகை வந்துவிடும். இரண்டு இரவுக்குக் காரை எங்கே விடுவது என்பதை முன்கூட்டியே ஊரில் கேட்டு, காசு கேட்டால் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

அந்தக் கோடைக்குப் பிறகு தீவுப் பாதைச் சங்கத்தின் தூய்மைப் பணிக்குப் போகத் தொடங்கினேன். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தொண்டர்களைப் படகில் ஏற்றித் தீவுகளில் இறக்கிவிடுவார்கள். இறால் கூண்டின் வளைந்த கம்பி, பாறையில் பின்னிக்கிடக்கும் நைலான் கயிறு, உடைந்த மிதவை, தெர்மாகோல். கயிற்றை அறுத்து எடுக்க ஒரு நாளே போய்விடும். அங்கே உரிமையாளர்களும் கூடவே வந்து கயிறு அறுத்தார்கள். யார் சொந்தக்காரர், யார் விருந்தாளி என்று பார்த்தால் தெரியாது. நான் இந்த நாட்டில் எங்காவது ஊர்க்காரனாக உணர்ந்தேன் என்றால் அந்தக் கரைகளில்தான்.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் பார்த்துவிட்டேன். மூதாட்டி காலமானார். வாரிசுகள் வரி கட்ட முடியாமல் தீவை விற்றார்கள். வாங்கியவருக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி மறுப்பு வந்தது. மணல் வளைவில் இப்போது பலகை நிற்கிறது. அவர் நிலம், அவர் உரிமை. ஆனாலும் அந்தப் பக்கம் துடுப்புப் போடும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஸ்காட்லாந்து 2003-இல் சட்டம் இயற்றி, பொறுப்போடு நடந்துகொள்கிறவர் எவரும் பெரும்பாலான நிலங்களிலும் நீரிலும் போகலாம், கூடாரம் போடலாம் என்று எழுதிவைத்தது. ஸ்வீடனில் அந்த உரிமை 1994 முதல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் டார்ட்மூர் வெளியில் கூடாரம் போடும் உரிமைக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் மக்கள் பக்கம் தீர்ப்பானது. அந்த வழியை மதிக்கிறேன். மேய்னிலும் ஓதம் மூழ்கி எழும் நிலத்தில் மக்கள் நடக்கும் உரிமை சட்டமாகவேண்டும்; 1640-களில் துறை கட்டுவதற்காகக் கொடுத்ததை இன்று காலாற நடப்பவரைத் துரத்தப் பயன்படுத்துவது நியாயமில்லை. ஓதக்கோட்டுக்கு மேலே கதை வேறு. பறவை கூடு கட்டும், நெருப்புப் பிடிக்கும், பத்துப் பேர் மிதித்தால் தாங்காத சின்னத் தீவில், கேட்டுவிட்டுப் போவதே சரி. சட்டத்தால் திறந்திருந்தால் அந்தச் சமையலறையில் நான் உட்கார்ந்திருக்கமாட்டேன். பெட்ரல் வளைகள்மேல் நடந்துபோயிருப்பேன். விற்பனையில் உரிமை கைமாறும்போது கதவு அடைபடாமலிருக்க வழி உண்டு. மேய்ன் கடற்கரை மரபு அறக்கட்டளை 1970 முதல் தீவுகளை வாங்கியும், நிலத்தோடு நிரந்தரமாகத் தொடரும் ஒப்பந்தங்கள் எழுதியும் காத்துவருகிறது. மூதாட்டியிடம் அதைப் பற்றி யாராவது பேசியிருக்கலாம்.

அமெரிக்காவின் இந்தப் பக்கத்தில் இருக்கும் நம்மவர்களில் கடல் ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பூங்காவில் முன்பதிவு கிடைக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். குளிர்காலத்திலேயே தீவுப் பாதைச் சங்கத்தில் சேர்ந்து கையேட்டைப் படியுங்கள். கையேட்டில் இல்லாத தீவு என்றால் ஊர் அலுவலகத்தில் வரி வரைபடத்தைப் பார்த்துச் சனவரியிலேயே கடிதம் எழுதுங்கள். பறவைத் தீவுகள் ஆகஸ்டு 31 வரை மூடியிருக்கும் என்பதால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். மூடுபனி குறைவு, வாரநாளில் கூட்டமும் இருக்காது. படகு புதிது என்றால் பழகியவர் ஒருவரோடு போங்கள். வீட்டுக்கு வந்ததும் உரிமையாளருக்கு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் கேட்கப்போகிறவருக்கு அது உதவும்.